கயிறு மாற்றாத மோட்டார்

பாகூர் அரங்கநாதன் மாடு வாங்குவதில் புலி. சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். கடைசியில் பழைய கயிற்றை அவிழ்த்து விற்றவன் கையிலேயே கொடுத்துவிட்டு, தன் புதுக்கயிற்றைக் கட்டித்தான் ஓட்டி வருவார். பழைய கயிறோடு வந்த மாடு பழைய வீட்டுக்கே போய் நிற்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் மோட்டார் வாங்கியது பவிசுக்கு அல்ல. தலைப்பிரசவத்துக்கு மனைவி ஆதிலட்சுமியைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் மாட்டுவண்டியிலேயே பிள்ளை இறந்து பிறந்தது. இப்போது மறுபடியும் நிறைமாதம். சீமைக்குத் திரும்பும் துரை ஒருவரின் கறுப்பு மோட்டார் விலைக்கு வந்தது. நாலு கதவும் மெத்தை ஆசனமுமாக, பெரிய மனுஷர் ஏறுகிற வண்டி.

சக்கரத்தைத் தட்டினார். எண்ணெய் ஒழுகுகிறதா என்று அடியில் குனிந்து பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"சண்டித்தனம் பண்ணுமாப்பா?" என்று துரையின் டிரைவர் இன்னாசிமுத்துவைக் கேட்டார்.

"நடுவழியில நின்னதே இல்லீங்க" என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல்.

வண்டியோடு அவனும் பாகூருக்கு வேலைக்கு வந்தான். பின் ஆசனத்தில் கிடந்த நீலப் பட்டுத் திண்டும் வந்தது. மோட்டாருக்கு ஏது கயிறு என்று இருந்துவிட்டார் மனிதர்.

ஒரு சாயங்காலம் வலி கண்டது. ஆதிலட்சுமி அந்தத் திண்டில் சாய்ந்து கிடக்க, வண்டி பறந்தது. அரியாங்குப்பம் தாண்டியதும்தான் அரங்கநாதனுக்குப் போன உயிர் வந்தது. ஆனால் புதுச்சேரிக்குள் நுழைந்ததும், ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டிய வண்டி ஒரு பக்கத் தெருவில் திரும்பியது.

"எங்கடா போற?"

"நான் திருப்பலீங்கய்யா!" இன்னாசிமுத்து ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டினான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டி தானாக நின்றது. எஞ்சின் அடங்கிவிட்டது. இன்னாசிமுத்து இறங்கி முன்பக்கத்து எஞ்சின் கைப்பிடியை எத்தனை தடவை சுற்றியும் கிளம்பவில்லை.

"தொரைசானி இங்கதாங்க இருக்காங்க." டிரைவர் அழுதேவிட்டான். "புள்ள பெத்துக்கப் போறப்ப, இதே வண்டியில, அந்தத் திண்டு மேலதான் உசிரு போச்சு. தொரை தெனமும் சாயங்காலம் இங்க வருவாரு. சொன்னா வாங்க மாட்டீங்கன்னு..."

அரங்கநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. கயிறு! மனைவியின் முதுகுக்கடியிலிருந்து திண்டை வெடுக்கென்று உருவி, வாசல் கம்பிகளுக்கு மேலாக உள்ளே வீசினார்.

"உன் கயிறு இந்தா, தாயே! எங்கள வுட்டுடு!"

அடுத்த சுற்றிலேயே எஞ்சின் உறுமியது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரோடு பிறந்தது. அரங்கநாதன் எல்லார் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதார். ஆதிலட்சுமி மட்டும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளக்கார அம்மாவ ஏங்க அங்கியே எறக்கி வுட்டீங்க?" என்றாள். "நம்ம வூட்டுலேர்ந்து என் கையப் புடிச்சிக்கினே வந்தாங்க. பேசினது ஒண்ணும் புரியல. ஆனா அந்தப் புடியிலதான் நான் உசிரோட கெடந்தேன். நீங்க வெரட்டினப்ப எப்படி அழுதாங்க தெரியுமா?"