நாலாவது பலகை

"ஒரே ஒரு வாய்ப் பாலை மிச்சம் வெச்சுட்டு, பாக்கெட்டைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள்ள வெக்கிற ஆம்பளையை என்ன பண்றது, சொல்லு" என்றாள் நர்ஸ், எதிர் ஜன்னலில் இருந்து.

"அந்த ஒரு வாய்ப் பாலிலயே அவருக்கு டீ போட்டுக் குடு" என்றாள் தையல்காரி.

இரண்டு கட்டடங்களின் மூன்றாவது மாடிச் சமையலறைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து. கட்டியவன் காற்றோட்டத்தைப் பற்றி யோசித்தானோ இல்லையோ, இந்த இரண்டு பெண்களின் வாயைப் பற்றி நன்றாக யோசித்திருக்கிறான். ஒன்பது வருடமாகத் துடைப்பக் கட்டை நுனியில் ஒரு துணிப்பை மாட்டி, இங்கிருந்து தக்காளி போகும், அங்கிருந்து தலைவலி மாத்திரை வரும். நர்ஸுக்கு ஷிஃப்ட் இல்லாத நாளில் பேச்சு பத்து மணிக்கு ஆரம்பித்தால், யார் அடுப்பிலாவது தீய்ந்த வாசனை வரும்வரை ஓயாது.

அன்றைக்குப் புயலும் பேச்சில் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் கரையைக் கடக்கும் என்று டிவிக்காரர்கள் காலையிலிருந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி பிடிச்சிட்டியா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"குடம், வாளி, குக்கர் எல்லாத்துலயும் பிடிச்சாச்சு. இனிமே சமைக்கத்தான் பாத்திரம் இல்ல. நீ பிடிச்சிட்டியா?"

"சின்னவன் குளிக்கிற டப்பு நிறையப் பிடிச்சு வெச்சேன். அவன் அதுலயே இறங்கிக் குளிச்சிட்டு வந்து நிக்கிறான். போன வாரம்தான் ஒத்தைச் சாக்ஸ் ஏழு சேர்ந்திருக்குன்னு சொன்னேன்ல, எட்டாயிடுச்சு. மெழுகுவத்தியைத் தேடுனா மிக்ஸி ஜாருக்குள்ள கிடக்கு. இந்த வீட்டுல யாரு எதை எங்க வெக்கிறாங்கன்னே தெரியல."

"எங்க வீட்டுல தெரியும்டி. எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டியிருக்கும். உப்பு டப்பாவுல உப்புன்னு எழுதியிருக்கு. உப்பு சாப்பிட்டவளுக்கு உப்பு தெரியாதா?"

தையல்காரியின் கணவர் ஒரு குடோனில் ஸ்டோர்கீப்பர். நாளெல்லாம் பெட்டிகளை மூடி, சீல் வைத்து, லேபிள் ஒட்டுகிறவர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. அப்போது உள்ளே இருந்து எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. நர்ஸ் கழுத்தை நீட்டினாள்.

"மூணு ஜன்னலையும்தான் அடைச்சாச்சே. இன்னும் என்னடி பண்றாரு?"

மிச்சம் இருந்தது தையல்காரி நின்றிருந்த சமையலறை ஜன்னல்தான். அந்த வீட்டில் மொத்தம் நாலு ஜன்னல். நாலு வருடத்தில் மூன்று புயல். முதல் புயலுக்கு மகளுடைய அறை, அடுத்ததற்குப் பெட்ரூம், அதற்கடுத்ததற்கு ஹால். ஒவ்வொரு தடவையும் உள்பக்கமாக ஒரு பலகையை வைத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். ஒவ்வொரு தடவையும் "மழை முடியட்டும், கழட்டிடலாம்" என்றார். மழையும் முடிந்தது, வெயிலும் முடிந்தது, அடுத்த மழையும் வந்தது. பலகை மட்டும் போன பாடில்லை. ஊராருடைய ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்துக் கொடுக்கிறவள், பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு தைத்தாள். பீரோவுக்குள் புடவை பூஞ்சை பிடித்தது. வெளிச்சம் வேண்டுமென்றால் சமையலறைக்கு வந்து ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள்.

சோம்பேறி மனுஷன் என்பதுதான் நர்ஸும் அவளும் சேர்ந்து எழுதிய தீர்ப்பு. பல்பு மாற்ற ஏறிய ஸ்டூல் ஒரு வாரம் அங்கேயே நிற்கும். "மாட்டத் தெரியும், கழட்டத் தெரியாது" என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். தானே கழட்டினால் என்ன என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. டூல்ஸ் பெட்டி அவருடையது, அவர் வேலை அது, அவ்வளவுதான்.

"இரு, பார்த்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னாலிருந்து அவர் ஒரு பலகையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். புதுப் பலகை இல்லை. மேலெல்லாம் தூசு, ஓரத்தில் ஒட்டடை. சரியான அளவில் முன்பே அறுத்து, மூலையில் பென்சிலால் எழுதியிருந்தது: 'கிச்சன்'. கீழே தேதி. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

"இதை எப்ப அறுத்தீங்க?"

"பெட்ரூமுக்கு அறுக்கும்போதே சேர்த்து அறுத்தேன்."

"மூணு வருஷமா பீரோ பின்னாடியே இருந்துச்சா?"

"ரெடியா இருந்தா நல்லதுதானே."

சோம்பேறி மூன்று வருடம் முன்னாலேயே பலகை அறுத்து வைப்பானா? அந்த ஜன்னலில் நின்று அவள் தக்காளி வாங்கிய நாள், சிரித்த நாள், எல்லா நாளும் இந்தப் பலகை பீரோவுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"மத்த மூணையும் எப்பத்தான் கழட்டப்போறீங்க? உண்மையைச் சொல்லுங்க."

அவர் பலகையின் தூசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்கு அவ எந்திரிச்சு பாத்ரூம் போகலன்னா?"

ஐந்து வருடத்துக்கு முன் நடந்தது அது. புயலில் மகள் அறைக் கண்ணாடி வெடித்து, அவள் படுக்கையில் விழுந்தது. அப்போதுதான் அவள் எழுந்து பாத்ரூம் போயிருந்தாள். ஒரு கீறல் இல்லை. தலையணை முழுக்கக் கண்ணாடி. "என் அவசரம்தான் என்னைக் காப்பாத்துச்சு" என்று மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள். அந்தப் போர்வையை உதறியவர் அப்பா. அவர் சிரித்தாரா என்று யாரும் கவனிக்கவில்லை.

"அவதான் இங்க இல்லையேங்க. வெளியூர்ல ஹாஸ்டல்ல இருக்கா."

"நீ இருக்கியே."

சோம்பேறி என்றால் வாய் ஓயத் திட்டலாம். சோம்பேறித்தனம் என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும் என்று நம்பித்தான் நாலு வருடம் ஓட்டினாள். பயத்துக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை வரும்? இந்தப் பலகை ஏறினால் இறங்காது. இனி நர்ஸ் இல்லை, தக்காளி இல்லை, பகல் இல்லை. கோபமும் வந்தது, அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

"எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்றாள்.

"கதவைத் திறந்து விடட்டுமா?"

"இப்ப இல்ல. நாலு வருஷமா முட்டுது. உங்களுக்குக் கண்ணாடின்னா பயம். எனக்குப் பலகைன்னா பயம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் சந்துக்குள்ளிருந்து நர்ஸின் குரல் வந்தது. "ஏய் டெய்லர்! காத்து ஏறுதுடி! நான் சாத்துறேன்! காலைல கரண்டியால மூணு தட்டு தட்டுறேன், உசுரோட இருந்தா பதில் குடு!"

தையல்காரி கையை நீட்டினாள். "ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க. கிச்சன் என் இடம். நான் மாட்டுறேன்."

"உனக்குப் பழக்கமில்ல."

"நாள் முழுக்க ஊசி இறக்குறவளுக்கு ஸ்க்ரூ இறக்கத் தெரியாதா? பலகையை மட்டும் பிடிங்க."

நாலு மூலைக்கு நாலு ஸ்க்ரூ போட்டாள். உள்ளங்கை சிவந்துவிட்டது. மிச்சம் எட்டு ஸ்க்ரூவை அவர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பன்னெண்டு போடணும்" என்றார்.

"நாலு போதும். மாட்டினவதான் கழட்டுவேன், சொல்லிட்டேன்."

சாயங்காலம் ஆறு மணிக்குள் கரன்ட் போயிற்று. வீடு மூடிய பெட்டியாகிவிட்டது. வெளியே மரம் முறிகிற சத்தம், தகரம் பறக்கிற சத்தம். எது எங்கே விழுகிறது என்று எட்டிப் பார்க்க ஒரு இடுக்கு இல்லை. அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அவள் சுவரில் சாய்ந்து, பலகைக்கு அந்தப் பக்கம் தன் ஜன்னல் இருக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே கிடந்தாள்.

விடிந்தது அந்த வீட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை. போனும் செத்துப்போயிருந்தது. கரண்டிச் சத்தம் மூன்று தடவை கேட்டபோதுதான் காலை என்று தெரிந்தது. அவள் ஸ்க்ரூடிரைவரோடு எழுந்தாள்.

"ரெண்டு நாள் போகட்டும்" என்றார் அவர், பின்னால் வந்து. "பின்னாடியே இன்னொண்ணு வருதுன்னு நேத்தே சொன்னாங்க."

அவள் ஸ்க்ரூவைத் திருப்ப ஆரம்பித்தாள். முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் நுனியை வைத்ததும், அவருடைய கை நீண்டு பலகையை அழுத்திப் பிடித்தது.

"கையை எடுங்க" என்றாள்.

"எடுத்தா உன் கால்ல விழும்" என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

பலகை இறங்கியது. வெளிச்சம் முகத்தில் அறைந்தது. அவள் ஜன்னல் கண்ணாடி முழுதாக இருந்தது. எதிரே நர்ஸ் பரட்டைத் தலையோடு, கையில் கரண்டியோடு நின்றாள். நர்ஸின் ஜன்னலில் சட்டம் மட்டும்தான் இருந்தது.

"என் கண்ணாடி போச்சுடி" என்றாள் நர்ஸ். "சிங்க் முழுக்கச் சில்லு. நல்லவேளை, எல்லாரும் ஹால்ல படுத்திருந்தோம். நீ பலகை போட்டது புத்திசாலித்தனம்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வாய்ப் பால்தான் இருக்கு. உன்கிட்ட இருக்கா?" என்றாள்.

கணவர் கண்ணைத் திறந்து அந்த வெற்றுச் சட்டத்தைப் பார்த்தார். "பார்த்தியா" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பலகையைப் பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோகாமல், ஜன்னலுக்கு நேர் கீழே, கைக்கு எட்டுகிற இடத்தில் சாத்தி வைத்தார்.

அவள் பாலைத் துடைப்பக் கட்டையில் மாட்டி அனுப்பினாள். பிறகு ஸ்டூலை எடுத்துக்கொண்டாள்.

"ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில வெச்சிடு" என்றார் அவர்.

"பெட்ரூம்ல பன்னெண்டு இருக்கு. கடைசி ஸ்க்ரூவுக்கு வந்து பலகையைப் பிடிங்க."

அவர் எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்ரூம் இருட்டில் தடவித் தடவிப் பதினோரு ஸ்க்ரூவைக் கழட்டினாள். துருப்பிடித்ததுகளுக்கு உடம்பின் பலத்தையெல்லாம் போட வேண்டியிருந்தது. இது பெரிய பலகை. ஒரு கையாலும் தோளாலும் அதைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பன்னிரண்டாவதில் நுனியை வைத்தாள். கழட்டினால் மேலே விழும். விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.

சமையலறையிலிருந்து சத்தம் வரவில்லை. நாலு வருடம் காத்திருந்தாயிற்று, இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்று, பலகையைத் தாங்கியபடியே நின்றாள்.