உர்ஹோவின் வலது கை

உர்ஹோ செத்து அடக்கமான பிறகும் அவனுடைய வலது கை மட்டும் கேரவனை விட்டு இறங்கவில்லை. 1984 மார்ச்சில், எங்கள் வழக்கப்படி உடலை நீராவிக் குளியலறையில் கிடத்திக் கழுவியவர்கள், வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டதைப் பார்த்தார்கள். சட்டைக் கைக்குள் செய்தித்தாளைத் திணித்துப் பெட்டியை மூடினார்கள். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்கள் நாங்கள். அடுத்தவர் வீட்டு விஷயத்தைத் துருவிக் கேட்க மாட்டோம். அதைப் பெரிய குணமென்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கையை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரைச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவது எங்கள் வணக்கம். தூக்காதவன் திமிர் பிடித்தவன், தூக்குகிறவன் தங்கமானவன். மனிதர்களை எடைபோட எங்களிடம் வேறு தராசு கிடையாது. உர்ஹோ லாரிக்காரனுக்கும் தூக்குவான், போலீசுக்கும் தூக்குவான், சாலையோரம் நிற்கும் மானுக்கும் தூக்குவான். கோடைதோறும், 1953-இல் செய்த தன் அலுமினியக் கேரவனைக் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி, மனைவி சைமாவோடு ஏரியை முழுச்சுற்று சுற்றி வருவான். வீட்டில் அவளை அடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கரையோரம் அலைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே அடி உதையெல்லாம் கேரவனுக்குள்தான். இருபத்தொன்பது கோடைகளில் இரண்டு விலா எலும்பு, ஒரு தாடை, இடது காதின் கேட்கும் திறன் எல்லாம் போயின. வளைவில் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்பாள் சைமா, நாங்களும் அந்த அலமாரியைத் திட்டுவோம். ஒரே ஒரு முறை பாஸ்டர் ஹெய்னோனெனிடம் உண்மையைச் சொன்னாள். "எந்தக் கைம்மா? தெனமும் எனக்கு வெரல் தூக்குமே, அந்தக் கையா? சும்மா இரும்மா" என்றார் அவர். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எழுதவே கூசுகிறது.

கேரவனைத் திறந்து உள்ளே கை இருப்பதைப் பார்த்தபோது சைமா அலறவில்லை. சாட்சி கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ஜூன் மாத நடுக்கோடைப் பண்டிகைக்கு எங்கள் சபையார் நூற்றுப்பத்து மைல் தள்ளி ஓர் ஏரிமுனையில் கூடுவார்கள். கேரவனை அங்கே பாஸ்டரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதென்று முடிவுசெய்தாள். உர்ஹோ அவளை ஸ்டீயரிங்கைத் தொடவே விட்டதில்லை. இரண்டே வாரத்தில், இன்னும் விதைக்காத வயலில் ஓட்டி ஓட்டி, பின்வண்டி வாலாட்டாமல் இழுக்கப் பழகிக்கொண்டு, அக்கா லெம்பியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று ஏரி கண்ணைப் பறிக்கும் நீலத்தில் கிடந்தது. கை கேரவனின் முன் சன்னலில் ஏறி நின்றுகொண்டு, எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் விரலைத் தூக்கியது. காரின் கூரைக்கு மேலாக அதைப் பார்த்தவர்கள் பதிலுக்குத் தூக்கினார்கள்.

"செத்தும் நல்ல பேரு வாங்குறான் பாருடி, பாழாப்போனவன்! நீ யாருக்கும் தூக்கிடாத" என்றாள் லெம்பி.

"நான் எங்க தூக்கினேன் அக்கா? ரெண்டு கையும் ஸ்டீயரிங்லதான் இருக்கு" என்றாள் சைமா.

அதனால் அன்று அந்தச் சாலையில் உர்ஹோ தங்கமானவனாகவும் சைமா திமிர் பிடித்தவளாகவும் அறியப்பட்டார்கள்.

மதியம் காப்பி போட லெம்பி கேரவனுக்குள் ஏறினாள். கை அவள் முடியைப் பற்றி முகத்தை அடுப்பில் மோதியது. பீங்கான் தட்டுகள் பதினொன்று உடைந்தன. மீனைத் தலையில் அடித்துக் கொல்லும் கட்டையோடு சைமா உள்ளே பாய்ந்தாள். கால் மணி நேரம் அடித்தாள், கடித்தாள்; அலுமினியச் சுவர் மூன்று இடங்களில் வெளிப்பக்கமாகப் புடைத்தது. கடைசியில் அவளுடைய காறை எலும்பு முறிந்ததுதான் மிச்சம். லெம்பி தன் உடைந்த மூக்கைத் துடைத்துவிட்டு, மேசைவிரிப்பைக் கிழித்துத் தங்கையின் தோளுக்குக் கட்டுப்போட்டாள். மீதி அறுபது மைலையும் சைமா ஒற்றைக் கையால் ஓட்டினாள்.

ஏரிமுனையில் இருநூறு பேர் காப்பிக் கோப்பையோடு நின்றோம். பாஸ்டர் ஏலக்காய் ரொட்டியை மென்றபடி வந்தார்.

"உள்ள அவரோட கை இருக்கு பாஸ்டர். அடிக்கும். பாத்துப் போங்க" என்று சைமா எச்சரித்தாள்.

"இருந்தா நல்லதாப் போச்சு. கை குலுக்கிட்டு வரேன்" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

கதவு வழியாக ஏறியவர் சன்னல் வழியாக, கண்ணாடியோடு வெளியே வந்து விழுந்தார். பின்னாலேயே கை வாசற்படிக்கு வந்து, சபையைப் பார்த்து மரியாதையாக விரலைத் தூக்கியது. பழக்க தோஷத்தில் என் விரலும் பாதி எழுந்தது. சைமா என்னைப் பார்த்தாள். எழுந்த விரலை மடக்கிக் காப்பிக் கோப்பைக்குப் பின்னால் ஒளித்தேன்.

புல்லில் கிடந்த பாஸ்டரின் தாடை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மூன்று பற்களை உள்ளங்கையில் துப்பிப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் வலிச்சுதாம்மா உனக்கு?" என்று குழறினார்.

"இல்ல பாஸ்டர்" என்றாள் சைமா. "இப்பல்லாம் அவருக்குப் பலம் போயிடுச்சு. இது தட்டிக்குடுத்த மாதிரிதான்."

கேரவனைத் தேவாலய முற்றத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லிச் சைமா சாவியைச் சபையிடம் கொடுத்தாள். பெண்டாட்டியை அடிக்கிறான் என்று தெரிந்தால் ஆளை உள்ளே விட்டு ஐந்து நிமிடம் கதவைச் சாத்துவது அன்றிலிருந்து எங்கள் வழக்கம். இதுவரை ஏழு பேர் போயிருக்கிறார்கள். எட்டாமவனுக்கு வரும் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும்.