நான் முந்திச் சொன்ன சாட்சி

என் மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய்க் கட்டி. ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். அது முடிந்த இரண்டாவது வாரம் வலி நின்றது. தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஸ்கேன் எடுக்க இன்னும் இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில், கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்ததும், போய் மைக்கைப் பிடித்துவிட்டேன். "கர்த்தர் என் மனைவியைப் பூரண சுகமாக்கினார்! கட்டி இருந்த இடமே தெரியவில்லை!"

சபை மொத்தமும் கை தட்டியது. பாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவள் மட்டும் மடியில் இருந்த வேதாகமத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, ஸ்கேன் இன்னும் எடுக்கலையே?"

"விசுவாசம் இருந்தா ஸ்கேன் எதுக்கும்மா?"

"சரி. நான் ஒண்ணும் சொல்லல."

நான் ஏசி மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அதுதான் தொழில். கம்ப்ரஸரைத் திறந்து பார்க்காமல் "சரியாயிடுச்சு" என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை. கடவுள் விஷயத்தில் மட்டும் சொன்னேன். சபையில் என் ஜெபத்துக்கு நல்ல பேர். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் "பிரதரைக் கூப்பிடு, குரலைக் கேட்டாலே பிசாசு ஓடிடும்" என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அதன் பிறகு வேறு இரண்டு சபைகளில் எங்களைக் கூப்பிட்டார்கள். நான் பேசுவேன், அவள் பக்கத்தில் நிற்பாள். ஸ்கேன் தேதி வந்தபோது, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் இளைத்துக்கொண்டே போனாள். யாராவது கேட்டால், "டயட்ல இருக்கேன் சிஸ்டர், இந்த வயசுல இவருக்கு ஒல்லியான பொண்டாட்டி வேணுமாம்" என்று சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கேஸ் அளவு பார்க்கும் மீட்டரை எடுக்க வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் அவள் குரல் கேட்டது. அவளுடைய அக்காவோடு போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் போன் மேடை மேல் கிடந்தது. அவள் தரையில், ஃபிரிட்ஜில் சாய்ந்து, வயிற்றில் வெந்நீர்ப் பையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ரொம்ப முடியலப்பா. காலையிலேயே மூணு மாத்திரை போட்டுட்டேன். அவருக்குத் தெரிய வேண்டாம். பாவம், உங்க மேல உள்ள ஆசையிலதான் அப்படிப் பேசிட்டாரு. அவரை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வச்சிடாதீங்க, என்ன? நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன். நீங்க எந்திரிச்சுப் போயிடாம இங்கேயே இருங்க."

யாரோ பதில் சொல்வதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு, "ம்... ஆமா, தெரியும்" என்றாள்.

"யார்கிட்டம்மா பேசற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். வெந்நீர்ப் பையை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"சும்மா... ஆண்டவர்கிட்டதான்."

"தினமும் இப்படித்தானா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து. உங்க சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. முன்னாடியே வந்திருந்தா நிறுத்தியிருக்க முடியுமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இந்த வலியைக் குறைச்சிருக்கலாம். ரெண்டு மாசம் எப்படிங்க தாங்கினாங்க? வீட்டுல யாருமே பாக்கலையா?"

வீட்டில் நான்தான் இருந்தேன்.

சனிக்கிழமை சபையிலிருந்து நாலு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். "சிஸ்டர் முகத்துல என்ன ஒரு பிரகாசம் பாருங்க!" என்றார் ஒருவர். அவள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சிரித்துப் பேசினாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அப்போதும் வரவில்லை. அவர்கள் செருப்புப் போடும் சத்தம் நின்றதும் வாளியை நீட்டினேன். அதில் வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ பேசற மாதிரி எனக்கும் பேசச் சொல்லிக்கொடேன்."

"நல்லா இருக்கே! ஏசிக்கு கேஸ் அடைக்கிற வேலையா அது, சொல்லிக்கொடுக்க? இருக்கறதைச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

கண்ணை மூடினேன். "வானத்தையும் பூமியையும் படைத்த சர்வவல்லமையுள்ள தேவனே, இந்த மாலை வேளையிலே..."

"என்னங்க," என்று கையைத் தட்டினாள். "மைக்கை ஆஃப் பண்ணுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவே அழுகையாகிவிட்டது. மறுபடி முயன்றேன். அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. அத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன், அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவரோடு எனக்குப் பழக்கமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவரைப் பற்றிப் பேசத்தான் பழகியிருந்தேன்.

ஞாயிறு காலை அவளுடைய அக்காவை வீட்டில் விட்டுவிட்டுச் சபைக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எழுந்தேன். நான் எழுந்தாலே கீபோர்டு வாசிக்கிற தம்பி மெல்லிசாக வாசிக்க ஆரம்பித்துவிடுவான். அன்றும் ஆரம்பித்தான்.

"தம்பி, வேண்டாம்ப்பா," என்றேன். நிறுத்திவிட்டான்.

"என் மனைவி சுகமாகல. நான் அவசரப்பட்டுச் சொன்னேன். என் பேரு கெட்டுடக் கூடாதுன்னு அவ ரெண்டு மாசமா வலியை மறைச்சிருக்கா. கர்த்தர் செய்யாததை அவர் செஞ்சதா நான் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் வைத்தேன். பாஸ்டர் வாசல் வரை கூட வந்தார். என் தோளை அழுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாருக்கும் தெரியுமா இப்போ?"

"தெரியும்மா."

மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"அப்போ இனிமே நான் வாய்விட்டுக் கத்தலாமாங்க?"

தலையை ஆட்டினேன்.

கத்தினாள். அவளுக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நான் அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வந்தது.

"வலிக்குதுப்பா அவளுக்கு. வலிக்குதுப்பா."

அதற்குமேல் எட்டு நாள்தான் இருந்தாள். அந்த எட்டு நாளும் இதைத் தவிர நான் வேறு ஜெபம் செய்யவில்லை.