படத்தின் மூலையில் இருந்த நேரம்

டார்லாவிடம் கேட்காமல் அவள் தம்பி லைல் எதையும் செய்யமாட்டான். சங்கு ஊதினாலும் அப்படித்தான். ஓக்லஹோமாவில் மே மாதம் பிறந்துவிட்டால் ஊரின் புயல் எச்சரிக்கைச் சங்குக்கு ஓய்வு கிடையாது. வாரம் ஒருமுறையாவது ஊளையிடும். ஜனங்கள் வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து சாப்பிடுவார்கள்.

லைலுக்கு அதில் கூடுதலாக ஒரு தொல்லை. எண்ணெய்க் கிணற்று வேலையில் இடுப்பு நொறுங்கியதிலிருந்து அவனுக்கு இரண்டு ஊன்றுகோல். இருப்பது டிரெய்லர் வீடு, அடித்தளமே இல்லாத தகரப் பெட்டி. சுழல்காற்று வந்தால் அதைவிடக் கேடான இடம் உலகத்திலேயே இல்லை. பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் நிலவறையை அவனுக்காகப் பூட்டாமலே வைத்திருந்தார்கள். ஆனால் அந்தச் செங்குத்துப் படியில் இறங்கி ஏறினால் அப்புறம் இரண்டு நாள் படுக்கைதான். அதனால் சங்கு ஊதியதும் அக்காவுக்குப் போன் போடுவான்.

"அக்கா, போகணுமா, வேணாமா?"

அவள் சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை. அவள் சொல்லித் தப்பிப் போனதும் இல்லை. அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் அதிகம்தான், இல்லையென்று சொல்வானேன்? மற்ற நாளெல்லாம் பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள், புயல் கிளம்பும் நாளில் லீவு போட்டுவிட்டு கூட்டாளி ஹோலிஸின் பிக்கப் வண்டியில் ஏறிப் புயலின் பின்னால் ஓடுவாள். அவர்களுடைய புயல் துரத்தும் குழுவில் எல்லாரும் அந்த ரகம். கண்ணால் பார்த்ததை ரேடியோவில் சொல்வார்கள், அது வானிலை அலுவலகத்துக்குப் போகும். குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பதும் டார்லாதான். முதல் பாடமே இதுதான்: "ராடார் படத்தைப் பாக்காதீங்க. முதல்ல மூலையில இருக்கிற நேரத்தைப் பாருங்க. போன்ல சிக்னல் போச்சுன்னா படம் செத்துப்போயிருக்கும், ஆனா பாக்குறதுக்கு உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கும்."

ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று மத்தியானம் மூன்று புயல்கள் வரிசையாகக் கிளம்பின. வடக்கே இருந்ததுதான் அழகி. வெள்ளைக் கோபுரமாக எழும்பி, அடியில் மேகம் தணிந்து தொங்க, தும்பிக்கை மாதிரி ஒன்று இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. குழுவில் பாதிப்பேர் அதன் பின்னால்தான். டார்லாவும் நெடுஞ்சாலைக்கு வடக்கே ஒரு செம்மண் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைல் கூப்பிட்டது அப்போதுதான். குரல் விட்டுவிட்டு வந்தது.

"அக்கா, இங்க சங்கு ஊதுது. போகணுமா, வேணாமா?"

அவள் ஒரு கண்ணைத் தும்பிக்கையில் வைத்துக்கொண்டே மறு கண்ணால் போனைப் பார்த்தாள். ராடார் படத்தில் நடுப் புயலின் சிவப்புக் கொக்கி, சுழல் இருக்குமிடம், வடகிழக்கு நோக்கித் திரும்பியிருந்தது.

"வேணாம்டா. அது ரோட்டுக்கு வடக்க போயிரும், உன் பக்கம் வராது. நீ பேசாம காலை நீட்டி உக்காரு."

"அப்ப பீன்ஸை அடுப்புல ஏத்துறேன். ராத்திரி சாப்பிட வா. போன தடவை மாதிரி டிமிக்கி குடுக்காத."

"வரேன், வரேன்," என்று வைத்துவிட்டாள்.

தும்பிக்கை கரைந்து போனது. ஹோலிஸ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன். எதிலும் கேலி பேசுகிற மனுஷன்.

"ஏம்மா டார்லா, உன் நடுப் புயல் எங்க? வழி கேக்கப் போயிருச்சா?"

"நமக்குப் பின்னாடிதான் வந்துக்கிட்டிருக்கு."

"பின்னாடி வெயில் அடிக்குது தாயி."

அவள் திரும்பிப் பார்த்தாள். படத்தின்படி இந்நேரம் தலைக்கு மேல் ஆலங்கட்டி கொட்ட வேண்டும். ஒரு தூறல்கூட இல்லை. கறுப்பெல்லாம் தெற்கே இருந்தது. நெடுஞ்சாலைக்குத் தெற்கே, தரையோடு தரையாக, அடியே தெரியாத ஒரு கறுப்பு.

அப்போதுதான் படத்தின் மூலையைப் பார்த்தாள். இருபது நிமிஷத்துக்கு மேல் பழசு. லைலோடு பேசும்போதே அது செத்த படம். பேச்சு எப்படியோ வந்துகொண்டிருந்தது, படம் மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு புயல் வலப்பக்கம் திரும்பிவிட்டிருக்கிறது. லைல் வீட்டைப் பார்த்து.

உடனே லைலுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும். அங்கே டவர் போய்விட்டது போலிருக்கிறது.

"என்னாச்சு?" என்றார் ஹோலிஸ்.

"நான் அவனை உக்காரச் சொல்லிட்டேன்."

அவர் வண்டியைத் திருப்பி மிதித்தார். எப்படி மிதித்தாலும் புயல்தான் முன்னால் போய்ச் சேரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். டார்லா ரேடியோவை எடுத்தாள்.

"ஹார்லன் சர்ச் பக்கம் யாராவது இருக்கீங்களா? எங்க தம்பி அங்க டிரெய்லர்ல இருக்கான். நடக்க முடியாதவன். யாராவது இருக்கீங்களா?"

இரைச்சல். பிறகு ஒரு குரல்.

"நான் இருக்கேன். சர்ச் முனையில."

பாக்ஸ்டர். மஞ்சள் கார் வைத்துக்கொண்டு, சுழலின் காலடிவரை போய் இணையத்தில் நேரலை காட்டுகிற பையன். போன வருஷக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "நீ சாகுறதுக்குக் கூட்டம் சேக்குறியா?" என்று கேட்டு அவனை எழுப்பி அனுப்பியவள் டார்லாதான். அந்த வாயால்தான் இப்போது அவனிடம் கேட்க வேண்டியிருந்தது.

"பாக்ஸ்டர், அவன் வெளிய வரமாட்டான். நான்தான் போக வேணாம்னு சொன்னேன். பழைய படத்தைப் பாத்துச் சொல்லிட்டேன்."

அந்த அலைவரிசையில் குழு முழுக்க இருந்தது. அவளிடம் பாடம் படித்தவர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்த வீடுங்க?" என்றான் பாக்ஸ்டர்.

"பச்சைக் கூரை டிரெய்லர். பக்கத்து வீட்டுத் தோட்டத்துல நிலவறை இருக்கு, பூட்டியிருக்காது. நான் அனுப்பினேன்னா நம்பமாட்டான், பிடிவாதக்காரன். 'தவளை'ன்னு கூப்பிடு. சின்ன வயசுல நான் வச்ச பேரு, வேற யாருக்கும் தெரியாது."

"தவளை. சரி. இங்க மழைக்குள்ள எதுவும் தெரியல. சத்தம் மட்டும்..."

அதோடு குரல் அறுந்தது. சற்று நேரத்தில் வேறொருவர் பதறாமல் சொன்னார்: பெரிய சுழல், மழைத்திரைக்குள் மறைந்திருக்கிறது, ஹார்லன் சர்ச்சைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. டார்லா பாக்ஸ்டரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. இருபது வருஷமாகப் புயலைப் பார்க்கிறாள், பயந்ததே இல்லை. பயமெல்லாம் புயலைப் புரியாதவர்களுக்கு என்று நினைத்திருந்தவள். இன்று பயந்தாள். தம்பியையும் கொன்று, காப்பாற்றப் போனவனையும் கொன்றுவிட்டேனா என்று அந்த ஒரு கேள்வியே திரும்பத் திரும்ப வந்தது. ஹோலிஸின் தோளைப் பிடித்து உலுக்கி, "வேகமாப் போங்க, வேகமாப் போங்க," என்றாள். அவர் ஏற்கெனவே போகக்கூடாத வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்.

நெடுஞ்சாலையைத் தாண்டியதும் முட்டை முட்டையாக ஆலங்கட்டி விழுந்தது. பிறகு அது நின்று, வானத்திலிருந்து ரோஜா நிறப் பஞ்சு உதிர ஆரம்பித்தது. யாருடைய வீட்டுச் சுவருக்குள்ளேயோ குளிர் தடுக்க அடைத்திருந்த பஞ்சு. மின்கம்பங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. ஹோலிஸ் கோதுமை வயலுக்குள் இறக்கி ஓட்டினார். ஜன்னல் வழியே முறிந்த தேவதாரு வாசனையும் காஸ் நாற்றமும் சேர்ந்து அடித்தது. சர்ச் இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் இருந்தது.

லைல் வீடு இல்லை. வாசல் மரப்படி மட்டும் நின்றது, ஏறினால் ஆகாசம். அப்பால் வயலில் மஞ்சள் கார், சக்கரம் மேலே பார்க்க.

டார்லா இறங்கி ஓடினாள். காருக்குள் யாரும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் நிலவறைக் கதவின்மேல் ஒரு பெரிய பீக்கன் மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அவள் மண்டியிட்டுக் கிளைக்குள் கையை விட்டுக் கதவைத் தட்டினாள்.

"லைல். டேய் லைல்."

ஒன்றுமில்லை. கைமுட்டி தோல் உரியும்வரை தட்டினாள். பிறகு உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

ஹோலிஸ் சங்கிலியை மரத்தில் மாட்டி வண்டியால் இழுத்தார். மரம் முனகிக்கொண்டே நகர்ந்தது. கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது பாக்ஸ்டரின் முகம். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் புருவத்தில் உறைந்திருந்தது. அவனுக்குப் பின்னால், கடைசிப் படியில் லைல். சாம்பல் பூத்த முகம், ஒரே ஒரு ஊன்றுகோல்.

"என்னைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடி வந்தான்க்கா," என்றான் லைல். "தவளைங்கிறான். யாரு இவன்னு நெனச்சேன். நீ உக்காரச் சொன்னே, நான் உக்காந்துதான் இருந்தேன். பீன்ஸ்கூட வெந்துருச்சு."

அதில் குற்றமே இல்லை. அவன் நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். டார்லா கைக்குட்டையை எடுத்துப் பாக்ஸ்டரிடம் நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான்.

மேற்கேயிருந்து ஒரு சங்கு கேட்டது. பக்கத்து ஊர்ச் சங்கு. ஹோலிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தத் திசையைப் பார்த்தார். மத்தியானம் யாரும் சட்டை செய்யாத மூன்றாவது புயல், அடிவானம் முழுக்க நீலமும் பச்சையுமாக ஏறி வந்துகொண்டிருந்தது.

லைல் நிமிர்ந்தான். மூச்சு வாங்கியது.

"அக்கா, இப்ப வெளிய வரணுமா, வேணாமா?"

இவ்வளவுக்கு அப்புறமும் அவளிடம்தான் கேட்டான். அந்தக் கேள்விதான் அன்று அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. பழக்கத்தில் கை போனை எடுத்தது. படம் சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளத்தது. இந்தத் தடவை மூலையைப் பார்த்தாள். புதுப் படம்தான். அதில் கொக்கி எந்தப் பக்கம் போகிறதென்று அவளால் சொல்லியிருக்க முடியும்.

"எனக்குத் தெரியலடா," என்றாள். "நகரு, நாங்களும் வரோம்."

ஹோலிஸை முன்னால் இறங்கவிட்டு, பின்னால் அவளும் இறங்கினாள். புயல் வரும்போது அவள் மண்ணுக்கடியில் போனது அதுதான் முதல் தடவை. கதவை இழுத்துச் சாத்தியதும் ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் துழாவித் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மேலே காற்று கதவை அசைத்துப் பார்க்கத் தொடங்கியது.

"புயல் போயிருமாக்கா?" என்றான் லைல்.

அவள் அவன் சட்டையை விடவில்லை.