மெழுகு உடைந்த ஐந்து திருகுகள்

1

இந்தக் கதை ஒரு ரேடியோ மெக்கானிக் எனக்குச் சொன்னது. அவர் சொன்னது மொத்தம் மூன்றே வாக்கியம். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘அந்த வால்வு ரேடியோவின் பச்சைக் கண், அறுபது வருடத்து நினைவுகளை…’ வேண்டாம். பழைய சாமானைக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பது சுலபம். அது ஒரு மரப்பெட்டி. அதில் எஃப்.எம். வரவில்லை. அவ்வளவுதான்.

2

மெக்கானிக் தன் அக்கா வீட்டுக்கு வந்தபோது, அக்காவின் கணவர் கூடத்தில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார்.

“போன மாசம் நீ கை வச்சே. இப்ப வெறும் இரைச்சல்தான் வருது.”

“மத்திய அலை வருதா அத்தான்?”

“அதெல்லாம் ஜோரா வருது. எனக்கு வேணுங்கிறது எஃப்.எம்.”

மத்திய அலை வருகிறதென்றால் ஸ்பீக்கரிலும் மின்சாரத்திலும் பழுதில்லை, கோளாறு எஃப்.எம். பகுதியில்தான். அவன் ஏரியல் கம்பியைப் பார்த்தான். எஃப்.எம்.முக்கான வால்வைப் பிடுங்கி, கொண்டுவந்திருந்த வேறொன்றைச் செருகினான். அலைவரிசை மாற்றும் சுவிட்சைத் துடைத்தான். இரைச்சல் அசையவில்லை.

[‘அவர்’ என்று தொடங்கியவன் ‘அவன்’ ஆகிவிட்டான். இருக்கட்டும்.]

பிறகுதான் உள்ளே கம்பி சுற்றிய காயில்களைக் கவனித்தான். ஒவ்வொரு காயிலுக்குள்ளும் ஒரு சின்னத் திருகு உண்டு. அது இறுக்குவதற்கல்ல. எந்த உயரத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நிலையம் பிடிபடும். சரியான இடத்தில் நிறுத்தி, நகராமலிருக்க ஒரு சொட்டு மெழுகு விடுவார்கள். போன மாதம் அவன் விட்ட மெழுகு உடைந்திருந்தது. ஐந்து திருகும் அடிவரை இறுக்கப்பட்டிருந்தன.

இது யார் கைவேலை என்று அவனுக்குத் தெரியும். வாணலிப் பிடி, கதவுக் கீல், விருந்தாளியின் மூக்குக்கண்ணாடி, எது ஆடினாலும் அக்காவுக்குப் பொறுக்காது. அடுக்களை வாசலில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் எங்கோ பார்த்தாள்.

3

இந்த அக்காதான் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தூசி தட்டப் பின்பலகையைக் கழற்றினாள், லொடலொடவென்று இருந்ததை இறுக்கினாள், சரி. ஏன் வாயைத் திறக்கவில்லை? கெட்டவள் என்று எழுத மனம் வரவில்லை. ஒருமுறை சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்யப் போய் அவள் கெடுத்துவைத்ததை, அத்தான் பதினோரு வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு கதை கொடுக்க அவளுக்குப் பயம்.

[இதையே இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கிழித்தேன். அவளுக்கு வக்காலத்து வாங்குவதுபோல் இருந்தது.]

4

ஒரு முடிவு: தம்பி உண்மையைச் சொல்கிறான். அத்தான் சிரிக்கிறார்.

இன்னொரு முடிவு: அக்கா முன்னால் வந்து, “நான்தாங்க அதை…”

(நாலு தடவை எழுதிப் பார்த்தேன். வாக்கியம் இதற்குமேல் நகரவில்லை.)

நடந்தது வேறு. இரண்டு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருகாக நகர்த்தி, நிலையத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். செய்தி கணீரென்று கேட்டது.

“என்னடா கோளாறு?”

“என் தப்புதான் அத்தான். போன தடவை சரியா நிறுத்தாம விட்டுட்டேன்.”

அத்தான் அதைத் தெரு முழுக்கச் சொன்னார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பழைய ரேடியோ வைத்திருந்த நாலு வீட்டுக்காரர்களும் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவன் அந்த வீட்டுப் படியேறி இரண்டு வருடமாகிறது.

5

அந்த மூன்று வாக்கியத்தை இன்னும் சொல்லவில்லை. அன்று கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்:

“அதை இறுக்கக் கூடாதுக்கா. மெழுகு போட்டிருக்கேன். இனிமே தொடாதே.”

முழுப் பூசணிக்காயை நாலு பகுதிக்குள் மறைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

நான் எழுதுவதை முதலில் படிக்கிறவர் எப்போதும் நீங்கள்தான். எழுத்துப்பிழை திருத்தச் சிவப்புப் பேனாவோடு உட்காருவீர்கள். இதையும் வழக்கம்போல் ரேடியோ மேல் வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். கடிகாரத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். முடிவை நான் எழுதவில்லை. கடைசித் தாளில் இடம் விட்டு, மேலே தம்பியின் போன் நம்பரை மட்டும் எழுதியிருக்கிறேன்.