சத்யவேணியின் பாஸ்வேர்டு

விஜயவாடாவில் எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு, அதே தெருவில் இருந்த லெக்சரர் சத்யவேணி லேப்டாப் கொண்டுவந்தார். நாற்பது தாண்டியும் அவருக்குக் கல்யாணமாகவில்லை.

"பாஸ்வேர்டு சொல்லுங்க மேடம்," என்றார் முதலாளி கோட்டய்யா.

"நானே போட்டுத் தரேனே."

"பத்துத் தடவ கேக்கும். ஒவ்வொரு தடவையும் உங்களக் கூப்பிட முடியுமா?"

சத்யவேணி தாளில் எழுதிக் கொடுத்தார். கோட்டய்யா அதை உரக்கப் படித்தார்: "கல்யாணம் 2019." பிறகு, "வருஷம் தாண்டிப்போச்சே மேடம், மாத்தலையா?" என்று கேட்டார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். வேலையில் இருந்த நானும் சிரித்தேன்.

மறுநாள் லேப்டாப்பைக் கொடுக்கும்போது கோட்டய்யா, "கல்யாணத்த 2050க்குத் தள்ளி வெச்சிருக்கேன். போட்டுப் பாருங்க," என்றார்.

கடையே பார்த்துக்கொண்டிருக்க, சத்யவேணி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரை திறந்தது.

"வேல செய்யுதா மேடம்?"

"செய்யுது," என்றார், தலை நிமிராமல்.