மஞ்சள் துணியைப் பார்த்து நடக்கவும்

தொழிற்சாலை வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸை ராஜசேகரன் மூன்று தடவை படித்தான். மூன்று தடவையும் வேறு வேறு இடத்தில் சிரிப்பு வந்தது.

‘குடும்பக் காட்டு நடை. ஆற்றோரமாகப் போய்த் திரும்ப நாலு கிலோமீட்டர். மிகவும் சுலபமானது. நடந்து பழகாதவர்களும் குழந்தைகளும் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். வழி நெடுக மரங்களில் மஞ்சள் துணி கட்டப்பட்டிருக்கும். மஞ்சள் துணியைப் பார்த்து நடக்கவும். இப்படிக்கு, அருள்தாஸ், செயலாளர், மனமகிழ் மன்றம்.’

நடந்து பழகாதவர்களாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு மணி ஷிப்டுக்கு வருகிற எவன் நடந்து பழகாதவன்? ஆறு என்று போட்டிருந்தானே, அது கூவம். நெமிலிச்சேரிக்குத் தெற்கே கூவம் நாறாது, மணலும் அங்கங்கே முட்டிக்கால் தண்ணீருமாகத்தான் கிடக்கும், அது வாஸ்தவம். ஆனாலும் சம்பளமில்லாமல் கூவத்தைப் பார்க்கக் கிளம்புகிற முதல் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். காடு என்று எழுதியிருந்தானே, அது வேலிகாத்தான் முள்ளும், வனத்துறைக்காரன் வரிசையாக நட்டுவிட்டுப் போன தைல மரமும். அதற்குள் ஆடு மேய்க்கிறவர்கள் போவார்கள். அவசரத்துக்கு ஒதுங்குகிறவர்கள் போவார்கள். குடும்பத்தோடு யாரும் போனதாக ராஜசேகரன் கேள்விப்பட்டதில்லை. அவன் பிறந்து வளர்ந்த ஊரே நெமிலிச்சேரிதான்.

அங்கேதான் அவனுக்கு எரிந்தது. அந்த இடத்தில் ஒவ்வொரு பள்ளமும் மேடும் தெரிந்த ஆள் லேத் மிஷினில் பன்னிரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டானா அருள்தாஸ்? கேட்கமாட்டான். போன மார்கழியில் நடந்த மன்றத் தேர்தலில் ராஜசேகரனை நாலு ஓட்டில் தோற்கடித்தவன் அவன். பெங்களூரில் மச்சான் வீட்டில் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில், வெள்ளைக்காரர்கள் முதுகில் மூட்டையோடு ஆற்றோரம் நடந்து போகிற படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து இந்தப் பித்து.

கேன்டீனில் அருள்தாஸ் எல்லாருக்கும் விளக்கினான். அவன் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அடுத்தவன் செய்த வேலையை அளந்து பார்த்து, நல்லதற்கு மஞ்சள் சீட்டும் கழிசலுக்குச் சிவப்புச் சீட்டும் கட்டுவது அவன் பிழைப்பு.

“அதே சிஸ்டம் தாம்பா. மஞ்சள்னா பாஸு. ஸ்டோர்ல சொல்லி மிஷின் தொடைக்கிற மஞ்சத் துணிய வாங்கிகினு போய், நானே இருபது மரத்துல கட்டிட்டு வந்துகீறேன். மஞ்சளப் பாத்தியா, போய்கினே இரு. கண்ணக் கட்டி வுட்டாலும் வழி தப்பாது.”

ராஜசேகரன் டீ கிளாஸை வாயிலிருந்து எடுக்கவில்லை. நடப்பது ஆடி மாதம். ஆடி மாதத்தில் ஆற்றோர மரத்தில் மஞ்சள் துணி கட்டினால் அந்த ஊர்ப் பெண்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற அருள்தாஸுக்குத் தெரியாது. ராஜசேகரனுக்குத் தெரியும். டீயைக் குடித்து முடித்துவிட்டு, “பிரமாதம் அருளு,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷிப்டு முடிந்ததும், அண்ணன் வீட்டைப் பார்க்கிற சாக்கில் நெமிலிச்சேரிக்கே போய்விட்டான். அவன் எதிர்பார்த்ததுக்கு மேலேயே நடந்திருந்தது. ஆற்றங்கரையில் எங்கே பார்த்தாலும் மஞ்சள். அருள்தாஸ் கட்டிய இருபது, இருநூறாகப் பெருகியிருந்தது. புங்க மரம், பனை, வேலிகாத்தான் புதர் எதையும் விடவில்லை. பெரிய வேப்பமரத்தடியில் இரண்டு செங்கல் நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

“யார் கட்டினதுன்னே தெரில தம்பி,” என்றாள் அண்ணி வடிவு. அவள் கையிலும் ஒரு மஞ்சள் துணி இருந்தது. “திங்கக்கெழம காலைல பாத்தா, வரிசையா இருவது மரத்துல கீது. ஆத்தா தானா வந்து எடம் காட்டிக்கிறா. ஞாயித்துக்கெழம கூழு ஊத்தறோம். உன் பொண்டாட்டியையும் இட்டுகினு வா.”

அப்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ராஜசேகரன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரை இழுத்துக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அருள்தாஸ் முழிக்கப்போகிற முழியை நினைத்துப் பார்த்தான். அடுத்த மார்கழித் தேர்தலையும் நினைத்துப் பார்த்தான். மனசு குளிர்ந்தது. திரும்பும்போது ஆற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தான். மணல் லாரிக்காரர்கள் புதிதாக ஒரு பள்ளம் தோண்டியிருந்தார்கள், ரெண்டு ஆள் ஆழம், அடியில் ஊற்றுத் தண்ணீர் நின்றது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு புதர். அந்தப் புதரிலும் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினான்.

வீட்டில் அவன் மனைவி வரலட்சுமி கட்டில்மேல் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பூந்தமல்லியில் அம்மா வீட்டுக்குப் போனவள், பள்ளிக்கூடப் பையன்களுக்கு விற்கிற கடையில் கால் வைத்துப் பார்த்து வாங்கியிருக்கிறாள்.

“மண்ணுல, முள்ளுல நடக்கணும் இல்லீங்களா. செருப்பு தோதுப்படாதுன்னு சகாயம்மா சொன்னாங்க,” என்றாள். சகாயம்மாள் அருள்தாஸின் மனைவி.

“இன்னா, ஒலிம்பிக்கு போறியா? பொடவைக்கும் பூட்சுக்கும் சோக்கா கீது. ஊரே சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிச்சுட்டு போறாங்க. நான் எப்ப நடந்தாலும் கைல பை இருக்கும், இல்லேன்னா கொடம் இருக்கும். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பையன் ஸ்கூலு. சும்மா நடக்கணும்ங்க. ஒரு வேலையும் இல்லாம, ஆத்தப் பாத்துகினு, கடைசி வரைக்கும் நடக்கணும். நோட்டீஸ்ல சுலபம்னு தானே போட்டுகீது?”

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இந்த நாலு கிலோமீட்டர்தான். ராஜசேகரன் ஷூவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு அது எதற்கான சிரிப்பென்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி பஸ் நாற்பத்தொரு பேரை ஆற்றங்கரையோரம் இறக்கிவிட்டது. அருள்தாஸ் தலையில் தொப்பி, கழுத்தில் விசில். கூட்டத்தை இரண்டு இரண்டு பேராக நிறுத்தி எண்ணினான். ஆற்றங்கரையின் பெருமையைப் பற்றி ஒரு சொற்பொழிவு வேறு ஆற்றினான். அவன் பேசி முடிப்பதற்குள் குழந்தைகள் முள்ளைக் காலில் ஏற்றிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள், இரண்டு பேர் சோற்று மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். வரலட்சுமியும் சகாயம்மாளும் சொற்பொழிவுக்கு நிற்கவில்லை. முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். போகிறபோது வரலட்சுமி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். ராஜசேகரன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண்ணெல்லாம் அருள்தாஸ் மேலேயே இருந்தது.

புங்க மரத்தடியில் அது நடந்தது. வலப்பக்கம் மஞ்சள், இடப்பக்கம் மஞ்சள், நேரே ஆற்றுக்குள்ளும் மஞ்சள். அருள்தாஸ் முகத்தில் ஈயாடவில்லை.

“நான் இவ்ளோ கட்டலியே,” என்றான்.

“மஞ்சள்னா பாஸு இல்ல? எல்லாமே பாஸ் தான் அருளு,” என்றான் ராஜசேகரன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அருள்தாஸ் விசிலை ஊதினான். அதை ஊதி என்ன ஆகப்போகிறது, மரம் வரிசையில் வந்து நிற்குமா? கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டு, துணி எங்கே அதிகமோ அதுதான் வழி என்று முடிவு செய்தான். கூட்டம் இடப்பக்கம் திரும்பியது. முள்ளில் புடவை கிழிந்தது, ஒரு பையன் சாணியில் விழுந்தான், ஒரு கிழவர் என்னை இங்கேயே விட்டுவிடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார், அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜசேகரனுக்கு இத்தனை சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை.

கடைசியில் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ். மனமகிழ் மன்றம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தொப்பியும் விசிலுமாக ஒரு ஆள் புதருக்குள்ளிருந்து வந்ததைப் பார்த்து ஊர்க்காரர்கள் போலீஸ் என்று நினைத்துப் பம்பையை நிறுத்தினார்கள்.

வடிவு சொம்போடு வந்தவள் கொழுந்தனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “வந்துட்டியா தம்பி. வெள்ளிக்கெழம நீ வந்து பாத்தப்போ வெறும் ரெண்டு செங்கல்லு. இன்னிக்கி பாத்தியா கூட்டத்த?”

ராஜசேகரன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தான்.

அருள்தாஸ் மெதுவாகத் திரும்பினான். “வெள்ளிக்கெழம நீ இங்க வந்தியா?”

“அண்ணன் ஊட்டுக்கு வந்தேன்.”

“துணியெல்லாம் பாத்தியா?”

கூட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. கிழிந்த புடவைக்காரியும், சாணிப் பையனின் அப்பாவும், தூக்கிவந்த கிழவரும் பார்த்தார்கள். ராஜசேகரன் பேன்ட்டில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கினான். அருள்தாஸ் அவனை விட்டுவிட்டுக் கூட்டத்துப் பக்கம் திரும்பினான். பழக்கதோஷம், தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டான். முப்பத்தொன்பது. திரும்ப எண்ணினான். முப்பத்தொன்பது.

“என் சம்சாரம் எங்க?” என்றான். பிறகு ராஜசேகரனைப் பார்த்து, “உன் சம்சாரமும் காணமே,” என்றான்.

ராஜசேகரனுக்கு அப்போதுதான் பள்ளத்தின் விளிம்பில் இருந்த அந்தப் புதர் ஞாபகம் வந்தது. புதர் மட்டுமா, அதில் கட்டியிருந்த துணியும் ஞாபகம் வந்தது. மஞ்சளைப் பார்த்தால் போய்க்கொண்டே இரு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் அவளை. அவளுக்கு நீச்சல் தெரியாது. மணல் பள்ளம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஓடினான். முள் கிழித்தது, லுங்கி கட்டாமல் பேன்ட் போட்டுக்கொண்டு வந்ததை நொந்துகொண்டு ஓடினான். ஆற்று மணலில் கால் புதைந்து புதைந்து, பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. விளிம்பு மணல் புதிதாகச் சரிந்திருந்தது. தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடந்தது. “வரலச்சுமீ” என்று கத்தினான். கத்திக்கொண்டே பள்ளத்தில் சறுக்கி இறங்கினான், இடுப்பு வரை தண்ணீரில் நின்று கையால் துழாவினான். கையில் சேறுதான் வந்தது. ‘ஐயோ’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். சும்மா சொல்லக்கூடாது, அந்த அழுகை உண்மையானது. வெள்ளிக்கிழமையே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்த அழுகைக்கு வேலை இருந்திருக்காது, அவ்வளவுதான்.

“ராஜசேகர், ஏறி வாய்யா,” என்று மேலிருந்து பஸ் டிரைவர் முனியன் குரல் கேட்டது. “ரெண்டு பேரும் அப்பவே வந்து பஸ்ஸாண்ட சோறு துன்னுகினு கீறாங்க.”

பஸ் நிழலில் வரலட்சுமி புளிச்சோற்றுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை ஷூ செம்மண் நிறமாகியிருந்தது. முகம் அப்படி ஒரு முகமாக இருந்தது, ராஜசேகரன் அதைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வேப்பமரத்திலிருந்து திரும்பி வந்த கூட்டம் அவளையும் சகாயம்மாளையும் சுற்றி நின்றது. நாற்பத்தொரு பேரில் நாலு கிலோமீட்டரையும் நடந்து முடித்தவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

“எப்டி வழி தெரிஞ்சுது?” என்று அருள்தாஸ் கேட்டான்.

“கம்பெனித் துணில ஒரு ஓரம் கறுப்பு நூல் ஓட்டியிருக்கும் இல்ல,” என்றாள் வரலட்சுமி. “இவரு மாசம் ரெண்டு கொண்டாருவாரு, அடுப்பாண்ட தொடைக்க. பன்னெண்டு வருசமா தோச்சுகினு கீறேன். மத்ததெல்லாம் ஊர்க்காரங்க வேண்டிகினு கட்டினது, பாத்தாலே தெரியுதே. ஆத்துக்குள்ள ஒரு பொதர்ல கூட இருந்துது. நூலு இல்ல, அந்தாண்ட போவல.”

அப்போதுதான் அவள் புருஷனைப் பார்த்தாள். இடுப்பு வரை ஈரம், முகத்தில் சேறு. “இன்னாங்க ஆச்சு?” என்று பதறி எழுந்தாள்.

சாணியில் விழுந்த பையன்தான் சொன்னான். “இந்த மாமாக்கு வெள்ளிக்கெழமயே தெரியுமாம். சொல்லலியாம்.”

வரலட்சுமி புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் கணக்குப் போடுகிறவள் மாதிரி யோசித்தாள்.

“வெள்ளிக்கெழம ராத்திரி தானே ஷூவக் காட்டினேன்?”

ராஜசேகரன் ஈரப் பேன்ட்டைப் பிழிந்தான்.

“அப்ப அதுக்கு தான் சிரிச்சீங்களா?”

“விளையாட்டுக்கு…” என்று ஆரம்பித்தான்.

அவள் பாத்திரத்தை மூடினாள். மூடி அவன் கையில் கொடுத்தாள். பதினாறு வருஷத்தில் அவன் கையில் சுமக்க அவள் கொடுத்த முதல் பாத்திரம் அது. குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். “வாங்க சகாயம்மா,” என்றாள்.

பஸ் அவர்களை ரயிலடி ரோட்டில் பிடித்தது. முனியன் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “ஏறுங்கம்மா. ஊடு வரிக்கும் நடக்கவா போறீங்க?”

“நீங்க போங்கண்ணா. ரயில் புடிச்சி வந்துடறோம்,” என்றாள் வரலட்சுமி. “சுலபமான நடை தான். நோட்டீஸ்ல போட்டுகீதே.”

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கையை ஆட்டினார்கள். அவள் எல்லாருக்கும் ஆட்டினாள். மூன்றாவது ஜன்னலில், மடியில் புளிச்சோற்றுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தவனும் கையைத் தூக்கினான். அந்த ஜன்னல் வந்தபோது அவள் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.